கூப்பிடு கொக்கு

மேடம் என்று கூப்பிட்டான். இந்தப் பக்கம் வழுக்கும் மேடம், புல்லு மேல கால வச்சு வாங்க என்றான், என் கூடப் பிறந்த அண்ணன், என்னைப் பார்த்து. இருபத்திரண்டு வருஷம் கழித்து அவன் வாயிலிருந்து எனக்கென்று வந்த முதல் வார்த்தை அது. நான் சரிங்க என்றேன். சரிங்க. எப்படி வந்தது அந்த 'ங்க'? புல் மேல் கால் வைத்து நடக்கிறேன். முன்னால் என் கணவர் தியாகு, அவருக்கு முன்னால் எங்கள் பெண் ஆதிரை, கழுத்தில் பைனாகுலர், அவளுக்கும் முன்னால் காக்கிச் சட்டையில் அவன். இடது தோள் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. வலையைத் தூக்கித் தூக்கி அந்தத் தோள் சின்ன வயசிலேயே அப்படி ஆகிவிட்டது. பின்னாலிருந்து அந்தத் தோளைப் பார்த்த பிறகு வேறு யாரோ என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. பறவைக் காப்பகத்தில் டிக்கெட் கொடுக்கிற இடத்திலேயே வழியில்லாமல் போயிற்று. தியாகு ஜன்னலில் குனிந்து, பொண்ணுக்கு பாம்புத்தாரா பார்க்கணுமாம், காட்டிக் கொடுக்க யாராவது வருவாங்களா என்று கேட்டார். உள்ளேயிருந்த பெண், வில்லாயுதண்ணே, இவங்களக் கூட்டிட்டுப் போங்க என்று குரல் கொடுத்தாள். வில்லாயுதம் என்ற பெயர் இந்தச் சீமையில் பத்துப் பேருக்காவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன். கண்மாய்த் தண்ணீரில் கை அலம்பிவிட்டு, ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தான். நெஞ்சில் பட்டை: பறவைக் காவலர், தற்காலிகம். தலை முன்பக்கம் வழுக்கையாகிவிட்டது. அப்பா மாதிரியே ஆகிவிட்டான். முதலில் ஆதிரையைப் பார்த்தான், பிறகு தியாகுவை, பிறகு என்னை. அவன் கண் என் முகத்தில் நின்றது. எவ்வளவு நேரம்? ஒரு மூச்சு இழுக்கிற நேரம் இருக்குமா? எனக்குக் காது இரண்டும் கொதித்தது. நான் கைப்பையைத் திறந்து எதையோ தேடினேன். தேட ஒன்றும் இல்லை. தலையைத் தூக்கியபோது அவன் நடக்க ஆரம்பித்திருந்தான்.

தெரிந்திருக்குமா? தெரியாமல் எப்படி? ஆனால் நான் கண்ணாடி போட்டிருக்கிறேன், பருத்துவிட்டேன், முடியை வெட்டிக்கொண்டிருக்கிறேன், சுடிதாரில் இருக்கிறேன். தெரியாவிட்டால் எவ்வளவு நல்லது. இப்படி நினைக்கிறவளை என்ன சொல்லித் திட்டுவது? அந்த மதகு வரை போனதும் சொல்லிவிடுகிறேன். என்னங்க, கொஞ்சம் நில்லுங்க, இது எங்க அண்ணன். ஐந்தாறு வார்த்தைதான். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் கணக்கு நடத்துகிற வாய்தானே. காலையில் பாலத்துக்குப் பக்கத்தில் கண் விழித்தபோதே சொல்லியிருக்கலாம். ஆதிரைக்கு இன்று பதினோரு வயசு முடிகிறது, ஒரு இடத்துக்குப் போறோம், எங்கேன்னு கேட்கக் கூடாது என்று தியாகு விடியுமுன் எழுப்பிக் காரில் ஏற்றினார். நான் தூங்கிப் போனேன். சேற்று வாடையும் கருவேலம்பூ வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறியபோது கண் திறந்தேன். பச்சைப் பலகை. முக்கண்மாய் பறவைகள் காப்பகம். என் வீடு இருந்த தெரு அந்தப் பலகைக்குப் பின்னால் கூப்பிடு தூரம். தியாகு கண்ணாடியில் என்னைப் பார்த்து, எப்படி என் சர்ப்ரைஸ், உங்க ராமநாதபுரம் பக்கம்தானே, உனக்கும் பழைய ஞாபகம் வரட்டும்னுதான் என்றார். என்னைச் சந்தோஷப்படுத்த வந்திருக்கிறார். நான் ராமநாதபுரம் டவுன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அப்பா அம்மா சின்ன வயசிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள், ஒரே பிள்ளை, ஹாஸ்டலில் வளர்ந்தேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவர் அதை இரண்டாம் தடவை கேட்டதே இல்லை. பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிற மனிதர், கோபம் வந்தால்கூடக் குரல் உயராது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் டீக்கடையில் உட்கார்ந்து உண்மையைச் சொல்லியிருந்தால், அதனாலென்ன மதி என்றுதான் சொல்லியிருப்பார். அவர் நல்லவராக இருந்ததுதான் எனக்கு வசதியாகப் போயிற்று. குடைந்து கேட்கிற ஆளாக இருந்திருந்தால் என்றைக்கோ உடைத்துச் சொல்லியிருப்பேன். மதகு வந்துவிட்டது. மதகைத் தாண்டிவிட்டோம். அந்த ஒற்றைப் பனை வரை போனதும் சொல்கிறேன். பாருங்க பாப்பா என்கிறான் அவன், அந்தா கருவேல மரம், மூணாவது கெளைக்குக் கீழ, எடப்பக்கம், கழுத்து மட்டும் தண்ணிக்கு மேல தெரியுதுல்ல. ஆதிரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறாள். பாம்புத்தாரா! அப்பா, நிஜமாவே பாம்பு மாதிரியே! துள்ளிக்கொண்டு அவன் விரலைப் பிடித்துக்கொள்கிறாள். அவன் கை ஒரு கணம் விறைத்து நின்று, பிறகு அந்தப் பிடிக்குள் அடங்கிவிடுகிறது. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்தணும், இவளுக்கு யாரு இருக்கா என்று என் மாமியார் அன்றைக்குக் கோயிலில் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். தியாகுவின் நண்பர் மடியில் உட்கார்த்திக் குத்தினோம். குழந்தை அழுதபோது நானும் அழுதேன், எல்லோரும் குழந்தைக்காக அழுகிறேன் என்று நினைத்தார்கள். அந்தக் குழந்தை இப்போது தன் மாமனின் விரலைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் அது தெரியும். இல்லை, தெரியாமலும் இருக்கலாம். பனையையும் தாண்டியாயிற்று.

அவனுக்குத் தெரியும். இந்த ஆள் என்னைத் தெரியாதவன் மாதிரி நடப்பது இது முதல் தடவை இல்லை, நான் பழக்கிவிட்டதுதான். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது, ஹாஸ்டல் கேட்டுக்கு வெளியே சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு நின்றான். வார்டன் அம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். சேறு காய்ந்த கால், பித்தான் இல்லாத சட்டை, மேலெல்லாம் கொக்கு வாடை. அந்த வாடை எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும், ஆனால் ஹாஸ்டல் முழுக்கத் தெரிந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. பக்கத்தில் என் வகுப்புப் பெண்கள் மூன்று பேர். கண்மாயில் கொக்கும் மடையானும் பிடித்து, கூடையைத் துணியால் மூடி, மெயின் ரோட்டில் உட்கார்ந்து விற்கிற குடும்பம் என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஊர்ப் பள்ளியில் கொக்குக்காரி என்று கூப்பிட்டது போதும் என்றுதான் ஹாஸ்டலுக்கே வந்தேன். இருளாயி என்று வீட்டில் வைத்த பெயரையும், ஒரு டீச்சர் பார்த்து இளமதி என்று மாற்றிக் கொடுத்தார். யாரும்மா இது, வீட்டு ஆளா என்று வார்டன் கேட்டார். ஊர்க்காரர் மேடம் என்றேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு அடி பின்னால் போய் நின்றான், ஊர்க்காரர் நிற்க வேண்டிய தூரத்தில். பிறகு வார்டனைப் பார்த்துச் சொன்னான், இந்தப் பிள்ளையோட அப்பா தவறிட்டாருங்க, சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். எங்கப்பா என்று சொல்லவில்லை. இந்தப் பிள்ளையோட அப்பா. அவனுக்கும்தானே அப்பா. அவனுக்கு அன்றைக்கு இருபத்தொரு வயசு. அப்பாவை எடுத்துப் போடப் போனேன், மூன்றாம் நாள் திரும்பி வந்தேன், அடுத்த வருஷம் வீட்டிலிருந்த மார்க் ஷீட்டை எடுக்க ஊருக்குப் போனது கடைசி. அவன் பறவை பிடித்த கேசில் மூன்று மாதம் உள்ளே இருந்தான் என்று ஊர்ப்பெண் ஒருத்தி பஸ்ஸில் சொன்னாள். அப்படியா என்றேன், யாரோ ஒருவருக்குக் கால் உடைந்ததைக் கேட்கிற மாதிரி. அவன் தேடி வரவில்லை. தேடி வந்துவிடுவானோ என்று எத்தனை வருஷம் பயந்தேன். வாசலில் மணி அடித்தால் முதலில் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். அவன் வரவே இல்லை, அதுவும் என்னை என்னவோ செய்தது. வந்தால் பயம், வராவிட்டால் ஒரு குத்தல். அவனுக்காவது என் நினைப்பு இருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு இருந்த லட்சணத்துக்கு.

பார்வைக் கோபுரத்தில் ஏறியாயிற்று. மூன்று கண்மாயும் தெரிகிறது, நடுவில் கரை, மரமெல்லாம் எச்சத்தால் வெள்ளையடித்த மாதிரி. நாரைகள் அலகைத் தட்டுகிற சத்தம். எனக்கு ஒவ்வொன்றின் பெயரும் தெரியும், புத்தகப் பெயர் இல்லை, எங்கள் பெயர். அது என்ன பறவை என்று ஆதிரை கேட்கும்போது வாய்வரை வருகிறது, மென்று விழுங்குகிறேன். அவன் சொல்கிறான். முட்டை எத்தனை, எந்த மாசம் வரும், குஞ்சு எப்போது பறக்கும், எல்லாம். தியாகு கைப்பிடியில் சாய்ந்துகொண்டு ரசிக்கிறார். எங்கே படிச்சீங்கண்ணே இவ்வளவையும், டிபார்ட்மென்ட்ல சொல்லிக்கொடுத்தாங்களா என்று கேட்கிறார். அண்ணே என்கிறார். அவருக்கு அது எவ்வளவு சுலபமாக வருகிறது. படிக்கல்லாம் இல்ல சார் என்கிறான் அவன், புடிச்சுப் புடிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதுதான். எங்க வேலையே அதான் முன்னாடி. இப்ப எங்கள மாதிரி ஆறு பேரக் காவலுக்குப் போட்டிருக்காங்க. ஆதிரை பைனாகுலரை இறக்கிவிட்டு அவனைப் பார்க்கிறாள். நீங்க பறவையப் பிடிப்பீங்களா? பிடிச்சு? அவன் கொஞ்சம் தயங்கி, விப்போம் பாப்பா, சாப்பிடுவோம் என்கிறான். இப்ப இல்ல. இப்ப யாராச்சும் கண்ணி வச்சா நான்தான் அவுத்து எறியிறேன். தியாகு என் பக்கம் திரும்பி, பார்த்தியா மதி, எவ்வளவு வெளிப்படையாப் பேசறார் என்று மெதுவாகச் சொல்கிறார். ஆமாம் என்கிறேன். ஆதிரை விடவில்லை, எதையும் அடிவரை கேட்காமல் விடமாட்டாள். எப்படிப் பிடிப்பீங்க, பறந்துடாதா? கூப்பிடு கொக்குன்னு ஒண்ணு வச்சிருப்போம் பாப்பா. உயிரோட ஒரு கொக்க ஒரு குச்சியில கட்டி தண்ணி ஓரமா நிக்க வச்சிருவோம். மேல போற கொக்குங்க அதப் பார்த்து, இங்க மீன் இருக்கு போலன்னு எறங்கும். சுத்தி கண்ணி இருக்கும். ஆனா அந்தக் கொக்கு பயந்து கத்தாதா, ஆளப் பார்த்து என்கிறாள் ஆதிரை. என் கால் கோபுரத்துப் பலகையில் வேர் விட்டுவிட்டது. சொல்லாதே. சொல்லாதே அண்ணே. இருபத்திரண்டு வருஷத்தில் மனசுக்குள் முதல் தடவையாக அண்ணே என்று கூப்பிடுகிறேன், அதுவும் வாயை மூடு என்பதற்காக. பார்க்க முடியாது பாப்பா, கண்ணத் தச்சிருப்போம் என்கிறான் அவன். தச்சா? ஊசியாலயா? உயிரோட இருக்கறப்பவா? அவள் குரல் கீச்சென்று ஏறுகிறது. யாரு தைப்பா?

ஆதிரையைவிடச் சின்னவள் நான் அப்போது, ஒன்பது வயசு. அப்பாவுக்குக் குடியில் கை நடுங்கும். வில்லாயுதத்தின் விரல் தடி, அவனுக்கு ஊசியில் நூல்கூடக் கோக்க வராது. எனக்கு வரும். நூல் போட்டால் இமை கிழிந்துவிடுகிறது என்று கண்டுபிடித்து, என் தலையிலிருந்து ஒரு நீள முடியைப் பிடுங்கிக் கோத்தது நான்தான், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கீழ் இமையில் ஒரு குத்து, முடியை மேலே இழுத்துத் தலைக்கு மேல் ஒரு முடிச்சு, அந்தப் பக்கத்துக் கீழ் இமையில் ஒரு குத்து. மஞ்சள் கண் மூடும். உள்ளங்கைக்குள் அதன் நெஞ்சு அடிக்கும், அவ்வளவு வேகமாக, எண்ணிப் பார்ப்பேன், எண்ண முடியாது. பறவையைப் பிடித்துக்கொள்ள வேண்டியது வில்லாயுதத்தின் வேலை. பிடித்துக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வான். ஒரு தடவை ஊசி இறங்கும்போது அழுதுவிட்டான், பதிமூன்று வயசுப் பையன். அப்பா அவன் பிடரியில் ஒன்று விட்டு, பொட்டப்புள்ள தைக்குது, புடிக்கிறதுக்கு உனக்கு என்னடா கேடு என்றார். நான் சிரித்தேன். பெருமையாக இருந்தது எனக்கு. இருளாயி தைச்சா ஒரு மாசம் தாங்கும் என்று அப்பா மற்றவர்களிடம் சொல்வார், பக்கத்துக் கண்மாய்க்காரர்கள்கூடக் கொக்கைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். எத்தனை கொக்கு? இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. நல்ல கைராசி என்று நினைத்துக்கொண்டிருந்த அந்தக் கையால்தான் இன்று காலை ஆதிரைக்குத் தலை பின்னிவிட்டேன். யாரு தைப்பா என்று அவள் மறுபடி கேட்கிறாள். அவன் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்க்கிறான். நான்தான் பாப்பா என்கிறான். எங்கப்பாவுக்குக் கை நடுங்கும். எல்லாத்துக்கும் நான்தான் தைப்பேன்.

பேச வேண்டிய இடம் அதுதான். அதற்கு மேல் தெளிவான இடம் எவருக்கும் கிடைக்காது. நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கம்பி சில்லென்று இருக்கிறது, துருவில் உள்ளங்கை பழுப்பாகிறது, அதைப் பார்க்கிறேன். சொல்ல வாய் வரவில்லை என்பது பொய். உள்ளே ஒன்று அப்பாடா என்று உட்கார்ந்தது. அதை மட்டும் என்னால் என்றைக்கும் மறைத்துக்கொள்ள முடியாது, என்னிடமிருந்து. அவன் எடுத்துக்கொண்டான், நான் விட்டுக்கொடுத்தேன், அப்பாடா என்றிருந்தது. ஆதிரை இரண்டடி பின்னால் வந்து தியாகுவின் மேல் ஒட்டிக்கொள்கிறாள். வரும்போது அவன் பொறுக்கிக் கொடுத்த நாரை இறகைத் தன் பறவைப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். அதை எடுத்துப் பலகைமேல் வைக்கிறாள், எறியவில்லை, வைக்கிறாள், அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த மரியாதை. அவன் பார்க்கிறான். குனிந்து எடுத்து, காற்றுல போயிரும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு பையில் வைத்துக்கொள்கிறான். அப்ப எல்லாம் அப்படித்தாம்மா, வறுமை, இப்ப காப்பாத்தறார்ல என்று தியாகு அவளைச் சமாதானம் செய்கிறார். படி இறங்கும்போது, பார்த்து பாப்பா என்று அவன் கையை நீட்டினான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. அவளுக்கு அடுத்து நான். அந்தக் கையைப் பிடித்திருக்கலாம், படி வழுக்குகிறது என்று யாரும் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்கள். நானும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.

கரை முடிகிற இடத்தில் நின்றுவிட்டான். இதுக்கு மேல நேரா போனா கேட் சார் என்றான். தியாகு அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவன் ஆதிரையைப் பார்த்து, நல்லாப் படிக்கணும் பாப்பா என்றான். பிறகு என்னை. இந்தத் தடவை நான் கைப்பையைத் திறக்கவில்லை. முகத்தைப் பார்த்தேன். கோபம் இருந்தால் நன்றாக இருக்குமே என்று தேடினேன். குத்திக்காட்டுகிற மாதிரி ஒரு சிரிப்பு, ஏதாவது. ஒன்றும் இல்லை. ஒரு விருந்தாளி வயிறு நிறையச் சாப்பிட்டாளா என்று பார்க்கிற மாதிரி என் முகத்தை, கழுத்தை, கால் செருப்பு வரை ஒரு தடவை பார்த்தான். நல்லாயிருக்கியா என்று கேட்பது அதுதான். நல்லாயிருக்கேன் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? திரும்பிக் கரைமேல் நடந்து போனான். தியாகு காரை எடுக்கப் போனார். ஆதிரை கேட்டுக்குப் பக்கத்திலிருந்த குழாயைத் திறந்து கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையில் சேறு இல்லை, ஒன்றும் இல்லை. தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"போதும் ஆதி, தண்ணி வீணாகுது."

"அந்த ஆள் விரலப் பிடிச்சுக்கிட்டே வந்தேம்மா. அந்தக் கையாலதான் தைச்சிருக்கார். நினைச்சாலே அருவருப்பா இருக்கு."

அந்த ஆள். அருவருப்பு. பதினோரு வயசுக் குழந்தை வாயில் அந்த வார்த்தை. அதை நான்தான் கோத்துக் கொடுத்திருக்கிறேன். இப்போதும் ஒன்றும் ஆகிவிடவில்லை. காரில் ஏறினால் மத்தியானத்துக்குள் வீடு. சாயங்காலம் கேக் வெட்டுவோம். அவள் இன்னும் ஒரு மாதம் அந்த ஆளைப் பற்றிப் பேசுவாள், பள்ளியில் சொல்வாள், கட்டுரை எழுதுவாள், நான் அதில் எழுத்துப்பிழை திருத்துவேன். அதைத்தான் பார்த்தேன், என் கை சிவப்புப் பேனாவைப் பிடித்துக்கொண்டு அந்த வரிக்கு மேல் போவதை.

"அவர் தைக்கல," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. குழாயை மூடிவிட்டு மறுபடி சொன்னேன். "அவர் ஒண்ணுகூடத் தைக்கல ஆதி. அவருக்குப் பார்க்கவே முடியாது, அழுதுடுவார். தைச்சது நான்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"அவரு எங்க அண்ணன். நான் பிறந்தது இந்த ஊர்ல."

"உனக்குத்தான் யாருமே இல்லையே?"

"இருக்காங்க. நான்தான் இல்லைன்னு சொல்லிட்டேன்."

கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. எவ்வளவோ கேட்பாள் என்று நினைத்தேன். ஏன் பொய் சொன்னாய், அப்பாவுக்குத் தெரியுமா, எதற்காவது ஒரு பதில் தயார் செய்துகொண்டிருந்தேன்.

"எந்தக் கை?" என்றாள்.

வலது கையை நீட்டினேன். துருக்கறை படிந்த உள்ளங்கை, மோதிரம், சுண்ணக்கட்டி தேய்ந்த விரல். குனிந்து பார்த்தாள், தொடவில்லை. நெடுநேரம் பார்த்தாள். பிறகு கார் நின்ற பக்கம் நடந்தாள். எப்போதும் பின்சீட்டில் என் பக்கத்தில் உட்காருகிறவள் முன்கதவைத் திறந்து தியாகுவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். கதவைச் சாத்திய சத்தத்தில் கரை ஓரத்துக் கொக்குகள் எழும்பி மறுபடி உட்கார்ந்தன. தியாகு கண்ணாடியை இறக்கி, என்னாச்சு இவளுக்கு, உன் முகம் ஏன் இப்படி இருக்கு, ஏறு மதி என்றார். தூரத்தில், கரைமேல், தாழ்ந்த இடது தோள் சின்னதாகிக்கொண்டே போகிறது. இரண்டாவது கண்மாய் திரும்பினால் மறைந்துவிடும். ஓடினால் பிடித்துவிடலாம். ஓடினால் பத்தாது, முதலில் இவரிடம் சொல்ல வேண்டும்.

"வண்டிய அணைச்சுட்டு நீங்களும் இறங்குங்க," என்றேன். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லிட்டு, ஒருத்தரக் கூப்பிடணும்."